கத்தரிச்செடி நடந்த வழி

எங்க வேலாங்குளத்துல கத்தரிச்செடிக எந்திரிச்சு சொந்தக்காரங்களைத் தேடி நடந்து போன வருசம்னு ஒண்ணு உண்டு. அந்த வருசம் மழையும் பெய்ய வேண்டிய நேரத்துல பெஞ்சது, வெயிலும் அடிக்க வேண்டிய அளவுக்கு அடிச்சது, வேளாண் பல்கலைக்கழகக் கேண்டீன்ல நான் ஊத்துன தோசைக்கும் அதைத் திங்க வந்த கூட்டத்துக்கும் குறைவே இல்ல, அதனால யார் என்ன சொன்னாலும் அதை நல்ல வருசம்னுதான் நான் சொல்லுவேன். செடி எங்கயாச்சும் நடக்குமான்னு கேக்கிறவுக எங்க ஊர்க்காரவுக இல்ல. நம்பலேன்னா பஸ் ஸ்டாண்டுல பூக்கட்டுற முத்துப்பேச்சியைப் போய்க் கேளுங்க, நான் சொன்னதுல ஒண்ணு குறைச்சுச் சொல்ல மாட்டா, வேணும்னா நாலு சேத்துச் சொல்லுவா.

அதுக்கு முந்தின வருசம் மாசி மாசம் பேப்பர்ல ஒரு விளம்பரம் வந்துச்சு, எங்க பல்கலைக்கழகத்துக்குக் கணினிவழித் தாவர மரபியல் ஆராய்ச்சியாளர் ஒருத்தர் தேவைன்னு. கேண்டீன்ல உக்காந்து அதை வாசிச்சவுக, அது என்ன வேலையா இருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு அளந்தாக. செடிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கிற வேலைன்னு ஒருத்தர் சொன்னாரு, கம்ப்யூட்டருக்குள்ள விவசாயம் பாக்கிறதுன்னு இன்னொருத்தர் சொன்னாரு, வாட்ச்மேன் மலையரசன் மட்டும் மீசையைத் தடவிக்கிட்டு, எதுவா இருந்தாலும் ஏசி ரூம்லதான் இருக்கும்னு சொன்னாரு, அவர் சொன்னது மட்டும்தான் சரியா இருந்துச்சு.

இண்டர்வியூ அன்னிக்குக் காலையில ஜெபராணின்னு ஒரு பிள்ளை தூத்துக்குடியில இருந்து வந்து, ஒரு கையில பைலும் ஒரு கையில தோசையுமா உக்காந்திருந்தா. தோசையைக் கடிக்கவும் இல்ல, பைலைக் கீழ வைக்கவும் இல்ல. எனக்கு மனசு பொறுக்கல. "என்ன வேலை தாயி அது, இம்புட்டுப் பயப்படுற?"ன்னு கேட்டேன்.

"இலைக்குள்ள எழுத்து இருக்குக்கா. நாலே நாலு எழுத்துதான். அதையே மாத்தி மாத்தி எழுதியிருக்கும். அதைப் படிச்சு கம்ப்யூட்டர்ல போட்டா, எந்தச் செடிக்கு எந்தச் செடி என்ன முறை வேணும்னு சொல்லும். யாரு அப்பா, யாரு அம்மா, யாரு பங்காளின்னு."

"அடி ஆத்தி, இதுக்கா இம்புட்டுப் படிச்ச? எங்க ஊர்க் கல்யாணத் தரகர் சேதுபதி வெத்தலையைப் போட்டுக்கிட்டே இதைச் சொல்லுவாரே!"

அவ சிரிச்சுக்கிட்டே தோசையைத் தின்னு முடிச்சா. வேலையும் கிடைச்சது.

ஆனா கிடைச்சது முழுசா இல்ல. ஒரு வருசத்துக்குத்தான் ஆர்டர். அதுக்குள்ள எங்க தோட்டத்துக் கத்தரிக்கெல்லாம் குடும்ப மரம் வரைஞ்சு குடுக்கணும், துறைத்தலைவர் அதைப் பாத்துக் கையெழுத்துப் போடணும், போட்டா வேலை நிரந்தரம், போடலேன்னா பொட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஊர் ஊரா தற்காலிக வேலை பாத்து நொந்து போனவ. புருசன் கப்பல்ல வேலை, வருசத்துல பாதி நாள் கடல்ல. ஒரே மக, சின்னது, "ஒவ்வொரு ஊர்லயும் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைக்கிற நேரத்துல ஊரை மாத்திருறேன்க்கா, இப்பல்லாம் அவ யார்கிட்டயும் பேரே கேக்கிறதில்ல"ன்னு ஒருநாள் சொன்னா. அன்னையில இருந்து எனக்கும் அந்த வேலை அவளுக்கு நிலைக்கணும்னு ஒரே வேண்டுதல்.

துறைத்தலைவர் கோமதிநாயகம் சார். தென்காசிப் பக்கத்து மனுசர், கோபம் வந்தா மூக்கு நுனி சிவக்கும், கோபம் போனா அவரே வந்து வடை வாங்கிக் குடுப்பார். வாலிப வயசுல அவர் உண்டாக்குன கத்தரிதான் 'வேலாங்குளம் ஒண்ணு'. வாடல் நோய் வந்து ஊர்ல எல்லாத் தோட்டமும் தலையைத் தொங்கப் போட்டப்ப, இது மட்டும் நிமிந்து நின்னு காய்ச்சது. அதனால பல வீட்டுல அடுப்பெரிஞ்சது, பொய் சொல்லக் கூடாது. விவசாயிக எல்லாரும் அவரைக் 'கத்தரிக்கு அப்பா'ன்னுதான் கூப்பிடுவாக, அவரும் அதைக் கேட்டா முகம் மலர்ந்து நிப்பார். பெத்த பிள்ளைக ரெண்டும் வெளிநாட்டுல சௌக்கியமா இருக்கு, ஆனா 'பிள்ளை'ன்னு அவர் வாயில வந்தா அது இந்தக் கத்தரிதான். துறை வாசல்ல ஒரு சிமெண்டுத் தொட்டியில அந்த வகைச் செடி ஒண்ணை வச்சு, பக்கத்துல பேர்ப்பலகை நட்டு, தெனமும் ஆபீசுக்குள்ள போறதுக்கு முன்னாடி அதோட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவார்.

ஜெபராணி ஒவ்வொரு செடியிலயும் இலையைக் கிள்ளி, அரைச்சு, எழுத்தைப் படிச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தி ஓட விட்டா. அது வாரக்கணக்கா ஓடுச்சு. பங்குனியில ஒரு நாள் காலை டீ வேளைக்கு அது ஓட்டத்தை நிறுத்தி, கணக்கு முடிஞ்சதுன்னு காமிச்சது. அதே நேரத்துல தோட்டத்துல இருந்த கத்தரிச்செடிக எல்லாம் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கிற பொம்பளைக மாதிரி வேரை மண்ணுல இருந்து பதனமா உருவி, உதறி, நடக்க ஆரம்பிச்சது.

வேகமா எல்லாம் இல்ல. டீ குடிச்சு முடிச்சு சோத்துக்கு உலை வைக்கிறதுக்குள்ள ஒரு வரப்பைத் தாண்டும், அம்புட்டுத்தான். மொத நாள் மாணவருங்க குச்சி நட்டுக் கட்டிப் பாத்தாக, செடிக குச்சியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போச்சு. ரெண்டாம் நாள் விட்டுட்டாக. மூணாம் நாளுக்குள்ள எல்லாருக்கும் பழகிப் போச்சு. சைக்கிள்ல வர்றவுக செடி குறுக்க வந்தா ஒரு கால ஊண்டி நின்னு வழி விட்டாக, தண்ணி விடுறவுக பாத்தியைத் தேடாம செடியைத் தேடிப் போய் ஊத்துனாக, பதிவாளர் ஐயா, நடமாடும் செடிகளுக்கு யாரும் இடைஞ்சல் செய்யக் கூடாதுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாரு. சாயங்காலமானா ஊர்க்காரவுக பிள்ளைகுட்டியோட வேடிக்கை பாக்க வந்தாக. எந்தச் செடி எந்தச் செடிகிட்டப் போய் நிக்குதுன்னு பாக்கிறதும், ஜெபராணிகிட்ட அது என்ன முறைன்னு கேக்கிறதும், "பாத்தியா, நான் அப்பவே சொல்லல? மூக்கும் முழியும் அப்படியே இருக்கு"ன்னு பீத்திக்கிறதுமா ஒரே கலகலப்பு. ஒரே காய்ல பிறந்த ரெண்டு செடி மட்டும் பக்கத்துல பக்கத்துல வந்துட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டு நின்னுச்சு. பங்காளிச் சண்டைன்னு எங்களுக்கு உடனே விளங்கிருச்சு, யாரும் நடுவுல போகல. தரகர் சேதுபதி ஜெபராணியை ஓரமாக் கூப்பிட்டு, "நம்ம கைவசம் ஒரு மாப்பிள்ளை இருக்கு, கொஞ்சம் உங்க மிசின்ல போட்டுப் பாக்கலாமா"ன்னு கேட்டாரு. அவ, "கத்தரிக்கு மட்டும்தான் அண்ணாச்சி"ன்னு கும்பிட்டு அனுப்பிச்சா.

ஆக, கம்ப்யூட்டர் சொன்ன முறையும் செடிக நடந்து காட்டுன முறையும் அச்சு அசலா ஒத்துப் போச்சு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்ச மாதிரி ஒரே ஒரு இடத்துலதான் வில்லங்கம். வேலாங்குளம் ஒண்ணுக்கு அம்மா யாருன்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சு, ஒரு நாட்டுக் கத்தரி. அப்பா இடம் காலியாக் கெடந்துச்சு.

"காலி என்னத்துக்கு? பச்சைவரின்னு எழுது" அப்படின்னாரு சார். பச்சைவரிங்கிறது அவரே பொறுக்கி எடுத்து வளத்த இன்னொரு கத்தரி. அதோட மகரந்தத்தை நாட்டுக் கத்தரிப் பூவுல தடவித்தான் வேலாங்குளம் ஒண்ணு பிறந்துச்சுன்னு பாடப் புத்தகத்துலயே இருக்கு.

"பச்சைவரி எழுத்து ஒண்ணுகூட அதுல ஒட்டல சார்."

"என்ன சொல்லுத நீ? ஊருக்கே தெரிஞ்ச விசயம். உன் கம்ப்யூட்டர் நேத்து வந்தது."

"வேற எதோ ஒரு அப்பா இருக்கு சார். நம்ம தோட்டத்துல இல்லாதது."

சார் மூக்கு நுனி செவக்கச் செவக்க, "இந்த வெள்ளிக்கிழமையோட உன் வருசம் முடியுது. பச்சைவரின்னு எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுதேன். இல்லேன்னா உன் இஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவ கேண்டீனுக்கு வந்து உக்காந்தா. எழுதிட்டுப் போயேன், ஒரு வார்த்தைதானன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அவ முகத்தைப் பாத்ததும் உள்ள போயிருச்சு.

இம்புட்டு நாளும் தொட்டியிலேயே சாவகாசமா நின்ன அந்த வாசல் செடி, மறுநாள் காலையில தொட்டி விளிம்புல வேரைப் போட்டுக் கீழ இறங்குச்சு. சார் ஓடிப் போய்ப் பச்சைவரி பாத்தியில நின்னுக்கிட்டாரு, கல்யாண மண்டப வாசல்ல சம்பந்தியை வரவேற்க நிக்கிற ஆளு மாதிரி சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு. செடி வந்துச்சு, கிட்ட வந்துச்சு, பச்சைவரி பக்கம் ஒரு இலையைக்கூடத் திருப்பாம, பாத்தியைச் சுத்திக்கிட்டு நேரா மெயின் கேட்டைப் பாத்துப் போச்சு.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது"ன்னாரு சார். ஒரு கிளை அசையல.

வாட்ச்மேன் மலையரசன் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடிச்சாரு. செடி ரோட்டுல இறங்குச்சு. ஜெபராணி குடையை விரிச்சு அதுக்குப் பிடிச்சுக்கிட்டே கூடப் போனா, நான் கேண்டீனை மாஸ்டர் கையில ஒப்படைச்சுட்டு ஒரு குடம் தண்ணியோட பின்னாடி போனேன். அப்படியே அன்னிக்கும் மறுநாளும் அதுக்கு மறுநாளும் எங்க ஊர் ரோடு அந்தச் செடிக்கு வழி விட்டுச்சு. டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காம ஓரமா நிறுத்தி, பயணிகளை எல்லாம் இறக்கிக் கும்பிட வச்சு அப்புறம் கெளம்புனாரு. வீட்டுக்கு வீடு மஞ்சத் தண்ணி கொண்டாந்து வேருக்கு ஊத்துனாக. உச்சி வெயிலுக்கு அது சைக்கிள் கடைத் தகரத்துக்குக் கீழ ஒதுங்குனா, கடைக்காரர் பஞ்சர் ஒட்டுறதை நிறுத்திட்டு விசிறி விட்டாரு. அப்பன் வீட்டைத் தேடிப் போகுதுன்னு சேதி பரவி, தவில்காரர் ஒருத்தர் தானா வந்து சேந்துக்கிட்டாரு. ஒரு வெட்டிப்பய மட்டும் டீக்கடையில உக்காந்துக்கிட்டு, "அப்பன் பேர் தெரியாத செடிக்கா இம்புட்டு மேளதாளம்?"னு இளிச்சான். "உங்க வீட்டுக் கதையை நடுத்தெருவுல வச்சு நான் பேசட்டுமாடா?"ன்னு ஒரு சத்தம்தான் போட்டேன், பய டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

சார் வரலேன்னு நினைக்காதீக. ஸ்கூட்டரை உருட்டிக்கிட்டு, கறிகா வாங்க வந்தவர் மாதிரி ஒரு மஞ்சப்பையைத் தொங்க விட்டுக்கிட்டு, நாலு கடை தள்ளிப் பின்னாடியே வந்துக்கிட்டுத்தான் இருந்தாரு. செடி நின்னா நின்னாரு, நடந்தா நடந்தாரு. ஒரு தடவை செடி சாக்கடை ஓரத்துல தடுமாறுனப்ப, "பாத்து, பாத்து"ன்னு அவர் வாய்விட்டுக் கத்துனதை ஊரே கேட்டுச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செடி பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சு, பழக்கடையைத் தாண்டி, கட்டணக் கழிப்பறையைச் சுத்திக்கிட்டு, அதுக்குப் பின்னாடி ஈர மண்ணுக்குப் போச்சு. அங்க ஒரு சுண்டைச்செடி நின்னுச்சு. செடின்னா ஆள் உயரம், முள்ளும் மொறடுமா, கொத்துக் கொத்தாக் காயோட. யாரும் நட்டதில்ல, யாரும் தண்ணி ஊத்துனதில்ல, ஆடு கடிச்சும் சாகாம, எந்த நோயும் அண்டாம, அது பாட்டுக்கு நின்ன செடி. எங்க கத்தரி அதுக்கு முன்னாடி போய் நின்னுச்சு. சுண்டை ஒரு குலுங்கு குலுங்கி, வெள்ளைப் பூவையெல்லாம் அது தலையில உதிர்த்துச்சு. பொம்பளைக எல்லாம் குலவை போட்டோம். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

ஜெபராணி தலையில கை வச்சுக்கிட்டு அங்கயே குத்த வச்சு உக்காந்துட்டா. "சுண்டையாக்கா! தோட்டத்துல நிக்கிறதை எல்லாம் கேட்டேன், வேலியோரத்துல நிக்கிறதைக் கேக்கணும்னு தோணவே இல்லியே! வாடல் நோய் ஏன் வரலேன்னு இப்பப் புரியுது."

அதுக்குள்ள சார் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்துட்டாரு. மூக்கு மட்டுமில்ல, காதும் செவந்து கெடக்கு. "இதுவா? கக்கூசுக்குப் பின்னாடி நிக்குதே, இதுவா என் செடிக்கு..." அப்படின்னாரு.

ஜெபராணி எந்திரிச்சா. "சார், நான் சுண்டைன்னுதான் எழுதுவேன்."

"எழுதினா யாரு கையெழுத்துப் போடுவா?"

அவ சார் முகத்துல இருந்து கண்ணை எடுக்கல. "போடாட்டிப் பரவால்ல சார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை இன்னொரு தடவை மாத்திக்கிறேன். இதை மாத்தி எழுத மாட்டேன்."

தவில்காரர் கையை எடுத்துட்டாரு. சார் சுண்டையைப் பாத்தாரு, மேலயும் கீழயும் பாத்தாரு, பழைய ஆளை அடையாளம் கண்டுக்கிற மாதிரி ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு: "இந்த பஸ் ஸ்டாண்டு அப்ப நம்ம வயலு. பூவுல ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்துட்டு, வேற மகரந்தம் படாம இருக்க காகிதப்பை கட்டி வைப்போம். மறுநாள் காலையில பச்சைவரி மகரந்தம் தடவணும். அன்னிக்குப் பாத்து மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரிக வந்துட்டாக. அவங்களுக்குக் காமிக்கணும்னு ஒரு ஆசை. பையைக் கழத்திக் காமிச்சேன். அவங்க போட்டோ எடுத்து முடிக்கிறவரைக்கும் பூ திறந்தே நின்னுச்சு. வரப்புல சுண்டை பூத்துக் கெடந்துச்சு, வண்டு பறந்துக்கிட்டு இருந்துச்சு." அவர் பல்லைக் கடிச்சாரு. "வண்டு முந்திட்டு. நான் தடவினது அப்புறம்தான்."

"கத்தரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதான ஆகணும்"னு யாரோ பின்னாடி முனகுனாக. "சும்மா இருங்கப்பா"ன்னு அதட்டுனேன். இத்தனை வருசமா அப்பான்னு கூப்பிட்ட வாயெல்லாம் சுத்தி நிக்குது, அவர் கையில ஒரு காலி மஞ்சப்பை.

அப்பத்தான் பூக்கட்டுற முத்துப்பேச்சி கதம்ப மாலையோட முன்னாடி வந்தா. அவளுக்கு முறை தப்பக் கூடாது, சாமி வந்தாலும் முறைதான். "அப்பன் வீட்டுக்கு வந்தாச்சு, சந்தோசம். பிள்ளைக்கு மாலை போடணும்ல? மொத மாலை தாய்மாமன் மாலை. இதுக்குத் தாய்மாமன் யாருப்பா?"

எல்லாரும் ஜெபராணியைப் பாத்தாக. "அம்மா நாட்டுக் கத்தரி அக்கா. அதுக்குக் கூடப் பிறந்தது எதுவும் தோட்டத்துல இல்ல."

"அது எங்க இருந்து வந்துச்சு?"ன்னு நான் கேட்டேன்.

சார்தான் பதில் சொன்னாரு, தரையைப் பாத்துக்கிட்டே. "எங்க வீட்டுக் கொல்லையில நின்னது. நான் பிறந்த வருசம் போட்ட விதையோட வம்சம். நானும் அதுவும் ஒரே கிணத்துத் தண்ணியிலதான் வளந்தோம். வேலைக்கு வரும்போது விதையை முடிஞ்சு கையோட கொண்டாந்தேன்."

"அட என்ன சார் நீங்க! ஒரே வீட்டுல பிறந்து, ஒரே தண்ணியைக் குடிச்சு வளந்தா அது கூடப்பிறந்தவ இல்லாம வேற யாரு? பக்கத்துல மாமனை வச்சுக்கிட்டா நாங்க ஊரெல்லாம் தேடுறோம்? அப்பன் இல்லாத வீட்டுலகூட காது குத்தியிருக்காக, தாய்மாமன் மடி இல்லாம எந்த ஊர்ல சார் காது குத்துனாக? இங்க வாங்க, உக்காருங்க!"

நான் சொல்லி வாய் மூடல, முத்துப்பேச்சி மாலையை அவர் கையில திணிச்சுட்டா. சார் எங்களை ஒவ்வொருத்தரா பாத்தாரு. கேலி பண்றோமோன்னு பாத்தாரு. யார் முகத்துலயும் கேலி இல்ல. கஞ்சி போட்டுத் தேச்ச அந்த வெள்ளைப் பேண்டோட, கழிப்பறைக்குப் பின்னாடி ஈர மண்ணுல, அந்த மனுசர் சம்மணம் போட்டு உக்காந்தாரு. கத்தரிச்செடி சுண்டைகிட்ட இருந்து திரும்பி, வேரை ஒண்ணொண்ணா எடுத்து வச்சு வந்து, அவர் மடியில ஏறிக்கிட்டு, இலையை மடிச்சு அவர் நெஞ்சுல சாஞ்சுக்கிச்சு. அவர் மாலையைப் போட்டாரு. கண்ணுல தண்ணி கொட்டுது, வாய் சிரிக்குது, மூக்கு பழையபடி மாநிறத்துக்கு வந்துருச்சு. தவில்காரர் அடிச்ச அடியில பஸ் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு.

கூட்டம் கலையிற நேரம் ஆச்சு. "எந்திரிங்க சார், ஈரம் ஊறுது"ன்னு மலையரசன் கையைக் குடுத்தாரு.

"எந்திரிக்க முடியாதுய்யா. பிள்ளை மடியில கெடக்கு"ன்னாரு சார். அப்புறம் தலையை மட்டும் திருப்பி ஜெபராணியைத் தேடுனாரு. "நீ என்னம்மா பாத்துக்கிட்டு நிக்க? ஆபீசுக்குப் போய் அந்தக் குடும்ப மரத்தை எடுத்துட்டு வா. சுண்டைன்னு எழுதிக் கொண்டா. இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்லா? தாய்மாமன் கையெழுத்து இல்லாம எப்படி?"

அவ ஓடுனா. செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு, அதைத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடுனா. டவுன் பஸ் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தி, "ஏறுங்க மேடம்"னு கத்துனாரு. அவ திரும்பி வர்ற வரைக்கும் சார் மடியை அசைக்காம அப்படியே உக்காந்திருந்தாரு.